அருள்மாறனின் ஷாப்ட்

எங்கள் ஊரில் ஷாப்ட் என்றால் ஒன்றே ஒன்றுதான். பூமிக்குள் செங்குத்தாக இறங்கும் சுரங்கக் குழி. கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஆட்களை நிறுத்தி, கயிற்றில் குழிக்குள் இறக்குவார்கள். காரிலும் ஒரு ஷாப்ட் உண்டு, என்ஜின் சுற்றுவதைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு அது என்பதெல்லாம் கோலார் தங்கவயலில் யாருக்கும் தோன்றாது. அந்தக் காலத்தில் இங்கே கார் வைத்திருந்தவர்கள் ஆபீசர்கள். அவர்கள் எங்களோடு பேசவே மாட்டார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா முனிரத்தினம் நாற்பத்தேழு வருடங்களாக மாவீரராக இருப்பதற்கு இந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

நடிகர் அருள்மாறனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சினிமாவில் சம்பாதித்ததையெல்லாம் சோழவரம் கார் ரேஸில் புகையாக விட்டவர். மாட்டுவண்டிக்காரனாக நடித்த படத்திலும் கனவுப் பாட்டில் கார் ஓட்டினார். ஒரு படத்தின் நூறாவது நாளுக்கு ராபர்ட்சன்பேட்டை தியேட்டருக்கு வந்தவர், சுரங்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டு சாம்பியன் ரீப்ஸ் குழியில் இறங்கினார். கயிறு பாதி அறுந்து கூண்டு நடுவழியில் தொங்கியது. என் அப்பா உள்ளே இறங்கி, அவரைத் தோளில் சுமந்து, ஏணி ஏணியாக ஏறி வெளியே கொண்டுவந்தார். ஊர் சொல்லும் கதை இது. நான் ஸ்கூலில் படித்தபோது அது ஆயிரம் அடி. இப்போது எட்டாயிரம். சுரங்கத்தை மூடிய பிறகும் இந்த ஒரு குழி மட்டும் ஆழமாகிக்கொண்டே போனது. மேலே நின்று கயிற்றைப் பிடித்ததாகச் சொல்பவர்கள் ஒரு ரயில் பெட்டி நிறைய இருப்பார்கள். அன்றைக்கு லீவில் இருந்தவர்களும் அதில் சேர்த்தி.

அருள்மாறன் போன வருடம் காலமானார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ரசிகர் மன்றச் செயலாளர் உதய் பெரிய பேனர் வைத்தான். நட்சத்திரத்தின் படம் சின்னதாக, அப்பாவின் படம் அதைவிடச் சின்னதாக, உதயின் படம் பெரிதாக இருந்தது. முனிசிபல் தேர்தல் வருகிறது.

"அக்கா, அருள்மாறன் சாரோட பொண்ணு நேத்ரா மேடம் சென்னையிலிருந்து வராங்க. ஏதோ ஒரு பொருள் எடுத்துகினு வராங்களாம்" என்று அவன் வந்து சொன்னதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் அம்மாவையும் உட்காரவைத்தார்.

"பாக்யா, நான் எந்தக் குழியிலயும் எறங்கலமா."

"இன்னா நைனா சொல்றே?"

"அவரு காரு ஷாப்ட் உடைஞ்சிபோச்சி. மூணு நாள்ல ரேஸு. மனுசன் ரோட்டு ஓரமா குந்திகினு அழுவுறாரு. நான் ஒர்க்‌ஷாப்ல இரும்பு கடையற டர்னர். கம்பெனி இரும்ப எடுத்து, கம்பெனி லேத்துல, ஷிப்ட் டைம்லயே புதுசா கடைஞ்சி குடுத்தேன். மறுநாளு ஆபீசர் இரும்பு எங்கன்னு தேடிகினு கீறான். அதுக்குள்ள குழாயடியில 'அருள்மாறனுக்கு ஷாப்ட் உடைஞ்சிடுச்சாம், முனிரத்தினம் காப்பாத்துனானாம்'னு பேச்சு கெளம்பிடுச்சி. நான் வாயத் தொறந்தா வேலை போயிடும். மூடிகினேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்தாவது பரீட்சையில் 'நான் விரும்பும் வீரர்' கட்டுரையை இந்த மனிதரைப் பற்றித்தான் எழுதினேன். அம்மா குணசுந்தரியின் கவலை வேறு.

"சுரங்கத்துல எறங்கின வீரன்னுதானே எங்கப்பா பொண்ணு குடுத்தாரு! அப்ப என்னை ஏமாத்தி கட்டிகினீங்களா?"

"இல்ல குணா. எனக்கு வீரமெல்லாம் வாணாம். என் ஜென்மத்துல உருப்படியா செஞ்ச வேலை அது ஒண்ணுதான். அதை ஒருத்தன்கிட்டயும் சொல்ல முடியல. இப்ப மேடையில சொல்லிடறேன்."

எனக்கு அதற்குமேல் திட்ட மனசு வரவில்லை. ஊர் சிரித்தாலும் கூட நிற்பது என்று முடிவு செய்தேன்.

விழா அன்று நினைவு கார் பேரணியும் நடந்தது. ரோட்டுப் பள்ளங்களின் புண்ணியத்தில், காய்கறி தள்ளுவண்டி ஒன்று ஏழு கார்களையும் முந்திக்கொண்டு போனது. பிறகு மேடையில் நேத்ரா மைக்கைப் பிடித்தார்.

"எங்கப்பா இந்த ஊரை மறக்கவே இல்ல. இங்க ஷாப்ட் உடைஞ்சு நின்னப்ப, ஒரு டர்னர் அரை நாள்ல புதுசா கடைஞ்சு கொடுத்தாராம். அதைப் போட்டு ஓட்டித்தான் அந்த ரேஸ்ல ஜெயிச்சார். காரை வித்தப்பகூட இதை மட்டும் கழட்டி வெச்சுக்கிட்டார்."

துணியைப் பிரித்தார். பளபளவென்று இரும்புத் தண்டு. கூட்டம் முணுமுணுத்தது. முன்வரிசையில் இருந்து, கயிறு பிடித்தவர்களில் மூத்தவரான முனிசாமி எழுந்தார்.

"ஷாப்ட எப்டிமா கடைய முடியும்? அது குழிமா! நான் இந்தக் கையால கயிறு புடிச்சவன்!"

"பாவம், சின்னப் பொண்ணு, அப்ப பொறந்திருக்காது" என்றாள் பின்னால் ஒருத்தி.

அப்பா எழுந்துபோய் மைக்கை வாங்கினார். "அந்தம்மா சொல்றதுதான் நெசம். நான் யாரையும் தூக்கல. குழியில எறங்கல. இரும்பத்தான் கடைஞ்சேன். இத்தினி வருசமா உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிக்கங்க."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு உதய் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பறித்தான்.

"பாத்தீங்களா! உயிரைக் காப்பாத்திட்டு நான் காப்பாத்தலன்னு சொல்றாரே, இந்தத் தன்னடக்கம் யாருக்கு வரும்?"

விசில் பறந்தது. முனிசாமி மேடையேறி அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார். நாலு பேர் அப்பாவைத் தோளில் தூக்கினார்கள். "எறக்குங்கடா, நெசமாத்தான் சொல்றேன்" என்று அவர் கத்தக் கத்த கைத்தட்டல் கூடியது. யாரோ அந்தத் தண்டைக் கூண்டின் உடைந்த கம்பி என்று சொல்ல, பெண்கள் அதற்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அம்மாவும் வரிசையில் நின்று தொட்டுக் கும்பிட்டாள். அவளை என்ன செய்வது?

எல்லாரும் பிரியாணிப் பொட்டலத்துக்கு ஓடிய பிறகு அப்பா மேடை ஓரமாக இறங்கி வந்தார். கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேத்ராவின் எதிரில் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்மா. அவசரத்துல தண்டு ஆடாம சுத்துதான்னு பேலன்ஸ் பாக்க டைம் இல்ல. வேகம் புடிச்சப்ப வண்டி அதிர்ந்துச்சான்னு உங்க நைனா எதுனா சொன்னாரா?"

நேத்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நூறு மைல் வேகத்துலகூட ஸ்டீரிங் ஆடவே இல்லன்னு சொல்லுவார் சார். சாகற வரைக்கும் அதைச் சொல்லிட்டே இருந்தார்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஆடலையாம் பாக்யா" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.