வாசலுக்கு வந்த மகரந்தம்

கல்யாணத் தரகர் அக்காவுக்கு இது மூன்றாவது முயற்சி. உயிரியல் வாய்மொழித் தேர்வில் மட்டும் தேறிவிட்டால், நாற்பத்தைந்து வயதில் பள்ளியிறுதிச் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். செல், பாக்டீரியா எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒன்றுதான் என்று சொல்லித்தான் இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தாள்.

"இந்தத் தடவையும் குழப்பிட்டு வந்துடாதே," என்று தேர்வு மையத்து வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கணவர் கிண்டலடித்தார்.

உள்ளே தேர்வாளர் அம்மாள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அதே கேள்வியைக் கேட்டார். அக்கா மேசைமேல் இருந்த செம்பருத்திப் பூவையே பார்த்தாள். சட்டென்று தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

"மகரந்தத் தூள் சூல்முடியில வந்து உக்கார்றதுதான் மகரந்தச் சேர்க்கை, மேடம். பொண்ணு வீட்டு வாசலுக்கு மாப்பிள்ளை வந்த மாதிரி. அங்கிருந்து குழாய் விட்டு உள்ள இறங்கி, சூலுக்குள்ள இருக்கிற முட்டையோட சேர்ந்தாத்தான் கருவுறுதல். அதான் கல்யாணம். வாசலுக்கு வந்தவனெல்லாம் மாப்பிள்ளை ஆயிட முடியுமா? எத்தனை பேர் காபியைக் குடிச்சிட்டு அப்படியே திரும்பிப் போயிருக்காங்க!"

தேர்வாளர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அப்படியே முழு மதிப்பெண்ணையும் போட்டுவிட்டார்.

"என்னாச்சு?" என்று வெளியே வந்தவளிடம் பதறினார் கணவர்.

அக்கா பின்சீட்டில் ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள்.

"கல்யாணமே முடிஞ்சிடுச்சு. வண்டியை எடுங்க!"