நெஜிக்குச் சொன்ன பெயர்

நெஜிக்கு வாய் கிடையாது. சாம்பல் நிறத் தகர உடம்பு, நெஞ்சில் ஒரு திருகாணி, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மஞ்சள் விளக்குகள். அவனுக்குள் நின்று கையை ஆட்டுகிறவன் நான்தான். அப்படியிருந்தும் இந்த வசந்த காலம் முழுக்க அவனை நினைத்து வயிறு எரிந்துகொண்டிருந்தேன்.

ஹெட்செட் மாட்டி நுழையும் அந்த மெய்நிகர் உலகத்தில் மற்ற நாட்களில் நான் குருமி. பழுப்புக் கூந்தலும் தோள் உயர வாலும் உள்ள அணில் பெண். ஹெட்செட்டைக் கழற்றினால் இசுருகி, முப்பத்தொரு வயது, ஜப்பானில், தோயாமா நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வெளியில் நீ யார் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. நஸுனாவிடம் நானும் கேட்டதில்லை. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட நெட்டைப் பெண் அவள். உள்ளிருந்து வருவது கொஞ்சம் கரகரத்த ஆண் குரல். எனக்கு அவள், அவள்தான். இரண்டு வருடமாக நாங்கள் சர்க்கரை. அங்கே ஜோடியாக இருப்பவர்களைச் சர்க்கரை என்போம். பிரிந்துவிட்டால் உப்பு.

ஞாயிறு காலை ஆறரைக்கு வானொலியில் உடற்பயிற்சிப் பியானோ ஆரம்பிக்கும்போது, ஏரிக்கரை உலகத்தில் சுவர் உயரக் கண்ணாடி முன்னால் இருபது பேர் வரிசையாக நிற்போம். வேலை வாங்குவது தொங்குரி என்ற கரடி. ஒரு பிப்ரவரி ஞாயிறு நான் தாமதமாகப் போனபோது நஸுனா யாரோ ஒரு புதிய கொக்கோடு படகுத்துறையில் நின்றிருந்தாள்.

"என்னம்மா குருமி, உன் சர்க்கரையை எறும்பு தூக்கிட்டுப் போகுது, நீ வாலை ஆட்டிட்டு நிக்கிற?" என்றார் தொங்குரி.

"புதுசா வந்தவங்களுக்கு வழி காட்டறா. அவ குணம் அப்படி."

"ஆமாமா. போன வாரமும் காட்டினா. வழி ரொம்ப நீளம் போல."

அன்று பிற்பகலே இரண்டாவது கணக்கு தொடங்கி நெஜியைச் செய்தேன். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான் வாய் வைக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவனிடம் நஸுனா எவ்வளவு நெருங்குவாள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கடையில் ஞாயிறு வேலை என்று பொய் சொல்லிவிட்டு, ஒரு வாரம் குருமியாகவும் மறு வாரம் நெஜியாகவும் போனேன்.

முதல் நாளே பக்கத்தில் வந்து நின்றாள். பயிற்சி முடிந்ததும் படகுத்துறைக்குக் கூப்பிட்டாள். நெஜி தலையாட்டினான். அவள் பேசினாள். தொலைபேசி அடித்தால் கை நடுங்குவது, அலுவலகத்தில் யாரோடும் சேராமல் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவது, எனக்குத் தெரியாத என்னென்னவோ.

"நெஜின்னு ஒருத்தர் வர்றாரு" என்றாள் குருமியிடம். "நல்லா கேக்கறாரு."

"வாய் இல்லாதவன் வேற என்ன பண்ணுவான்?"

"காது இருக்கறவங்க எல்லாம் கேக்கறாங்களா என்ன?"

நான்காவது முறை நெஜியாகப் போனபோது, ஏரியைப் பார்த்தபடி, "வெளியில என் பேரு..." என்று ஆரம்பித்துப் பெயரைச் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். நெஜி தலையாட்டினான். நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, கடற்பாசித் துருவல் ஒட்டிய சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடம். ஒரு தகர டப்பாவுக்குக் கொடுத்ததை எனக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் குருமியாகப் போனதும் கேட்டுவிட்டேன். "அவன்கிட்ட மட்டும் பேரைச் சொல்லுவியா?"

"நான் பேரு சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?"

வால்கூட ஆடவில்லை எனக்கு.

"விடு" என்றாள். "நெஜி நீதான்னு முதல் நாளே தெரியும். கை ரெண்டையும் தூக்கச் சொன்னா உன் வலது கை வானத்துக்குப் போகும். இடது கை காதுகிட்ட வந்து மடங்கிடும். ரெண்டு வருஷமா பக்கத்துல நின்னு பாக்கறேன். அந்தத் தகரக் கையும் அப்படியே மடங்குது. உன் ரூம்ல அங்க என்னதான் இருக்கு?"

"விளக்கு. தாழ்வா தொங்குது. ஒரு தடவை அடிச்சு உடைச்சுட்டேன்."

"அதான பார்த்தேன்."

"தெரிஞ்சும் ஏன் அவன்கிட்ட சொன்ன?"

"உன்கிட்டதான் சொன்னேன். குருமிகிட்ட ஆரம்பிச்சா, நடுவுல உன் கடைக்கு வந்த கிழவர் கதையை நீ ஆரம்பிச்சுடுவ." பிறகு அவள் குரல் இறங்கியது. "என்னைச் சோதிக்கத்தான அவனைச் செஞ்ச? நீயா சொல்லுவன்னு ரெண்டு மாசம் காத்திருந்தேன். உப்பாயிடலாமான்னுகூட நினைச்சேன்."

"இப்போ?"

"அடுத்த ஞாயிறு பார்க்கலாம்." மழைக்கோட்டு மறைந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்கக் கடையில் கண்ணாடி வில்லைகளைத் துடைத்துக்கொண்டே நெஜியை நினைத்தேன். அவன் நான்தான் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் எரிச்சல் அடங்கவில்லை. அவள் பேசியது அவன் பக்கத்தில் உட்கார்ந்து. அந்த மஞ்சள் கண்களைப் பார்த்து. என்னிடமும் அவனிடமும் இருப்பது ஒரே மடங்கிய கை. சனிக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறி, விளக்கைக் கயிற்றால் திரைச்சீலைக் கம்பியோடு இழுத்துக் கட்டினேன். அவனிடம் இல்லாத ஒன்று குருமியிடம் இருக்கட்டும்.

ஞாயிறு பியானோ தொடங்கியது. நஸுனா என் இடப்பக்கம் நின்றாள். இரண்டு கைகளையும் தூக்கினேன். இரண்டும் வானத்துக்குப் போயின. கண்ணாடியில் குருமி அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

நஸுனாவின் கைகள் பாதியில் நின்றன. "நீங்க யாரு?" என்றாள்.

இரண்டு வருடத்தில் என்னிடம் அவள் 'நீங்க' சொன்னதில்லை.

"நான்தான்."

"விளக்கு?"

"கட்டி வெச்சுட்டேன். நெஜிக்கும் அதே கைதான. அவன மாதிரி இருக்க வேணாம்னு..."

"அங்க என்ன பேச்சு?" என்று தொங்குரி கத்தினார். "குனியுங்கம்மா! முதுகு வளையட்டும், வாய் மூடட்டும்!"

குனிந்தோம். தலை கீழே இருக்கும்போதே சொன்னாள்: "கையை மடக்கு. யாரோ தெரியாதவங்க பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு."

நிமிர்ந்து மறுபடி கைகளைத் தூக்கியபோது, அங்கே இல்லாத விளக்குக்காக இடது கையைக் காதருகே மடக்கினேன். விளக்கு தொங்கிய இடத்துக்கு அவள் அரை அடி நகர்ந்து வந்தாள். கண்ணாடியைப் பார்த்தபடியே, தன் பெயரை இன்னொரு முறை சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

சர்க்கரை சர்க்கரையாகவே இருக்கிறது. நெஜியின் கணக்கையும் நீக்கிவிட்டேன். ஆனால் அந்தப் பெயரை முதலில் கேட்டவன் அவன்தான்.