பதினோரு லேப்டாப்பும் பாளை பஸ்ஸும்

தூக்கிக்கொண்டு அலையாத லேப்டாப் வளர்ந்துவிடும். நாளுக்கு ஒரு விரற்கடை. திருநெல்வேலி ஜங்ஷனில் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான்.

ஆடி பிறந்ததும் வியாபாரிகள் சங்கச் செயலாளர் ஆவுடையப்பன் வழக்கம்போல் சந்தை நிலவரம் வாசித்தார். "சின்ன லேப்டாப்புக்கு இந்த மாசம் ஆளு கெடையாது. ஆவணி ஒண்ணாந்தேதி ஒருத்தர் வருவாரு. பத்து இஞ்ச்தான் கேப்பாரு. ஒரு நூல் கூடினாலும் எடுக்க மாட்டாரு."

சின்ன லேப்டாப் மட்டுமே விற்கும் செண்பகவடிவிடம் பதினொன்று இருந்தன. போன ஆடியில் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தபோது எல்லாம் ஜன்னல் கதவு அளவுக்கு நின்றன. ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இந்தத் தடவையும் தவறினால் கடையை மூட வேண்டியதுதான். மூடுவதாக அவள் இல்லை.

பதினொன்றையும் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை டவுன் பஸ்ஸில் ஏறினாள். நிற்கிறவர் நீட்டும் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். பதினோரு பேரிடம் பதினொன்றையும் கொடுத்தாள். பாளையில் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை இதேதான்.

"சீட்டு கெடக்குல்லா, உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"நின்னாத்தாம் வாங்குவாவ."

இரண்டாம் வாரம் அவள் தலை மேல்கம்பியில் இடித்தது. மூன்றாம் வாரம் செருப்பு பற்றவில்லை. பிறகு குனிந்தே நின்றாள். லேப்டாப் வியாபாரிகளுக்கு இப்படி ஆவதுண்டு. அவளை யாரும் தூக்கவில்லை, அவ்வளவுதான். அதைப் பார்க்க இப்போது நேரமில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆவணி ஒன்றாம் தேதி அந்த ஒருத்தர் ஸ்கேலோடு வந்தார். ஒவ்வொன்றாக அளந்தார். சரியாகப் பத்து இஞ்ச். பதினொன்றையும் எடுத்துக்கொண்டு போனார். செண்பகவடிவு கூரையில் முதுகு தட்ட நின்று, சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் அழுதாள்.

சாயங்காலம் வெறுங்கையோடு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் சத்துணவு அமைப்பாளர் ஜெபமணி இருந்தாள். மாதம் முழுக்க ஒன்றை மடியில் சுமந்தவள். பழக்கத்தில் கையை நீட்டினாள். வாங்க ஒன்றும் இல்லை.

"சரி, நீ வா" என்று மடியைத் தட்டினாள்.

செண்பகவடிவு உட்கார்ந்தாள். வண்ணார்பேட்டை தாண்டும்போது அவள் கால் தரைக்கு எட்டவில்லை. கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.