தெற்கே மட்டும் எய்யும் வில்

கெடிலத்துத் தண்ணீர்மேல் ஆணையாக, இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதத்தில் படிக்கிறவர்கள் மணல்மேல் ஆணை என்று வைத்துக்கொள்ளலாம். மணலும் இல்லையென்றால் அதற்குக் கதை பொறுப்பில்லை.

கடலூர் முதுநகர் தேவநாதன் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பாய்லர் பார்ப்பவன். வேலை முடிந்து வந்தால் பின்பக்கக் கொட்டகையில் உட்கார்ந்து மரத்தில் வில் செதுக்குவான். யாரும் கேட்டதில்லை, யாரும் வாங்கியதுமில்லை. ஒரு மனிதனுக்குப் பொழுதுபோக்கு என்று சொல்ல அதைவிட என்ன தகுதி வேண்டும்?

இதற்குமுன் நாலு வில் செய்திருந்தான். நாலும் இன்றைக்கும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. முதலாவது முருங்கைக்கீரை பறிக்கும் துறட்டி. இரண்டாவதன்மேல் புடலங்கொடி படர்ந்திருக்கிறது. மூன்றாவது நடுவில் முறிந்ததால் கொசுவலைக்கு இரண்டு கால் கிடைத்தது. நாலாவதை அவன் மனைவி சௌந்தரத்தின் தம்பி பாலகுமார் தெற்கே தன் ஊரான கீரப்பாளையத்துக்கு எடுத்துப்போய் மாட்டுக்கொட்டகைக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டான்.

“ஒங்க வில்லு எல்லா வேலையும் செய்யுது மாமா. அம்பு வுடற வேலைய மட்டும் அதுக்குச் சொல்லிக் குடுக்காம வுட்டுட்டீங்க” என்பது பாலகுமார் கொடுத்த நற்சான்றிதழ்.

தேவநாதனுக்கு அதுகூட வலிக்கவில்லை. வலித்தது வாஷிங் மெஷின். பொங்கலுக்கு வாங்கியது, பிளாஸ்டிக் உறை கழற்றாமல் கூடத்தில் நின்றது. அழுக்குத்தண்ணீர் போக வழியுள்ள இடம் அந்தக் கொட்டகை ஒன்றுதான். சௌந்தரம் சண்டை போடவில்லை. காலண்டரைக் காட்டினாள்.

“மாசி மகம் வரைக்கும் டைம். ஒரே ஒரு அம்பு, நீங்க சொன்ன குறியில போயி நிக்கணும். நின்னா கொட்டகை ஒங்களுது, மெஷின நான் திருப்பிக் குடுத்துட்றேன். இல்லன்னா மெஷினு உள்ள, வில்லு வெளிய.”

ஐந்தாவது வில்லுக்கு அவன் கைவசம் ஒரு மரம் இருந்தது. ‘தானே’ புயலில் கடலோரச் சவுக்குத்தோப்பு முழுக்கப் படுத்தபோது, ஒரே ஒரு சவுக்கு மட்டும் விழாமல் தெற்குப் பக்கமாக வளைந்து நின்றது. தோப்புக்காரர் அதைப் போன வருஷம் வெட்டியபோது தேவநாதன் கேட்டு வாங்கிவந்தான். பாதி வளைவைப் புயலே கொடுத்துவிட்டது, மீதிதானே நம் வேலை என்பது அவன் கணக்கு. வில் செய்கிறவன் பண்ணக்கூடாத தப்பு அது. நேராக வளர்ந்த மரம் சொன்னபடி கேட்கும். ஒரு தடவை வளைந்த மரத்துக்குத் தனக்கென்று ஓர் அபிப்பிராயம் வந்துவிடும்.

முனைகள் வெடிக்காமலிருக்க பெயின்ட் பூசி, நிழலில் உலரவிட்டு, உளியால் கழித்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, சுவர்க்கொக்கியில் மாட்டி இழுத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தான். துறைமுகத்தில் வாங்கிய வலைநூலைப் பதினாறு இழையாக முறுக்கி நாண் மாட்டினான்.

மாசி மகத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கொல்லையில் வடக்கு மூலைத் தென்னையைக் குறிவைத்து, சிவப்பு பெயின்ட் அடித்த முதல் அம்பை விட்டான். அம்பு தென்னைக்கு ஒரு சாண் முன்னால் தயங்கியது. பிறகு, வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தவர் மாதிரி திரும்பி, அவன் தலைக்குமேலாகத் தெற்கே போனது. இரண்டாவதைக் கிழக்கே கடலைப் பார்த்து விட்டான். அதுவும் தெற்கே போனது.

முக்கால் மணி நேரத்தில் கீரப்பாளையத்திலிருந்து போன். களத்தில் இரண்டு அம்பு வந்து குத்தி நிற்பதாகவும், இரண்டிலும் மாமாவின் சிவப்பு பெயின்ட் இருப்பதாகவும் பாலகுமார் சொன்னான். ஐம்பது கிலோமீட்டருக்குமேல் தூரம். பஸ்ஸென்றால் இன்னும் தாமதமாகியிருக்கும். அம்பு புதுச்சத்திரத்தில் டீக்கு நிற்கவில்லை.

தினம் நாலு அம்பு போயின. பாலகுமார் அவற்றைத் தக்காளிச் செடிகளுக்கு முட்டாக நட்டான். “இன்னும் ரெண்டு பாத்தி பாக்கி இருக்கு மாமா, கொஞ்சம் ஒசரமா பாத்து வுடுங்க” என்று அளவு வேறு சொன்னான். சௌந்தரமோ அம்புகளில் கருவாட்டுப் பொட்டலங்களைக் கட்டித் தம்பிக்கு அனுப்பத் தொடங்கினாள். நாற்றமென்று கண்டக்டர்கள் முகம் சுளிக்கிறார்களாம், வில்லுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் கொட்டகை விஷயத்தில் அவள் இறங்கிவரவில்லை.

“நீங்க குறி வச்சது தென்னைய. அது போயி நிக்கிறது எந்தம்பி களத்துல. இதுக்குப் பேரு குறியா?”

தேவநாதன் இரண்டு ஷிஃப்ட் யோசித்தான். பாய்லரில் நெருப்போடு வாதம் செய்ய முடியாது. வில்லோடும் அப்படித்தான். மாற்றவேண்டியது குறியை.

மாசி மகத்தன்று காலை, தேவனாம்பட்டினத்துக்குத் தீர்த்தவாரி பார்க்கக் கிளம்புமுன், போனில் பாலகுமாரைக் கூப்பிட்டு, களத்து வேப்பமரத்தில் ஒரு முறத்தைத் தொங்கவிடச் சொன்னான். “அந்த மொறந்தான் குறி” என்று மனைவியிடம் அறிவித்தான். சௌந்தரம் லேசுப்பட்டவள் அல்ல. சாட்சிக்கு இருக்கட்டும் என்று அம்பில் வஞ்சிரக் கருவாட்டுத் துண்டு ஒன்றைக் கட்டி, கணவனை வடக்கு முகமாகத் திருப்பி நிறுத்தினாள். அவன் காதுவரைக்கும் இழுத்து விட்டான். அம்பு தயங்கித் திரும்பித் தெற்கே போனது.

பிறகு காத்திருந்தார்கள். அவள் மெஷின்மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். அவன் டீயைத் தொடவில்லை. போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, மொறத்துக்கு நட்ட நடுவுல நிக்குது. சாமிமேல சத்தியமா சொல்றேன். கருவாடுதான் கம்மியா இருக்கு. மெஷினுக்கு எடம் குடுத்துட்டீன்னா இதுவும் வராதுல்ல, பாத்துக்க.”

தம்பி முறத்துக்காகப் பேசுகிறானா, வஞ்சிரத்துக்காகப் பேசுகிறானா என்று சௌந்தரம் கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். பிறகு, “கொட்டகை ஒங்களுது” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

கெடிலத்துத் தண்ணீர்மேல் போட்ட ஆணையை நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம்: அந்தக் கொட்டகையில் இன்றைக்கு வாஷிங் மெஷின் ஓடுகிறது; அதற்குமேல் ஆணியில் தொங்கும் சவுக்கு வில்லின் முனைகளில் நாண் மாட்டுவதற்கான வெட்டு இன்னும் போடப்படவில்லை.