பதினொரு பவுண் அகலம்

பாசலில் டிராம் பாதையை ஒட்டிய நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் நிலவறையில் பாலேந்திரன் நான்காவது ஆண்டாக இருக்கிறார். போர் வந்தால் பதுங்குவதற்கென்று சுவிஸ்காரர் கட்டி வைத்திருக்கும் காங்கிரீட் அறை அது. இந்த நாட்டுக்குப் போர் வரவில்லை. போருக்குத் தப்பி வந்த ஒருவருக்காவது அது பயன்பட்டது.

2021 கார்த்திகையில் மனைவி சிவகலாவின் பதினொரு பவுண் தாலிக்கொடியை விற்று அவர் பிட்கொயின் வாங்கினார். "பவுண் பெட்டிக்குள்ள சும்மா கிடக்கும், இது வளரும்" என்றார். சிவகலா தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, திரிம்பாக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடப் பழகினாள். பிட்கொயினைத் திறக்கும் சின்னக் கருவியை அவர் நிலவறையில் அரிசி மூட்டைக்குள் ஒளித்து வைத்தார். அடுத்த ஆண்டு விலை பாதாளத்துக்குப் போன கிழமை, கருவி இருக்கிறதா என்று பார்க்க இருவரும் இறங்கினார்கள். மூட்டைக்குள் கையை விட்டபடியே அவர் வெளியில் நின்றவளிடம் சத்தியம் செய்தார். "கொடி உம்மட கழுத்தில திரும்ப ஏறாமல் நான் இஞ்ச இருந்து வெளிக்கிடமாட்டன்."

கதவு அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. தானாக நகர்ந்து, ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றது. அன்றைய விலைக்குப் பிட்கொயினை விற்றால் மூன்று பவுண் வாங்கலாம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்வார்ட் ஒரு மாதம் அளவுநாடாவும் கையுமாக நின்று, பவுணுக்கு நான்கு விரல் என்று கணக்குச் சொன்னார். பூட்டுக்காரர் வந்து, கீலில் பழுதில்லை என்று எழுதி, பில்லைக் கொடுத்துவிட்டுப் போனார். சிவகலா சோற்றுத் தட்டைச் சரித்து நீட்டப் பழகினாள். அவளுக்குக் கொடியில் ஆசை விட்டுப் போயிருந்தது. மனுஷன் மேலே வந்து பக்கத்தில் இருந்து சாப்பிட்டால் போதும் என்றிருந்தது.

2024 மார்கழியில் விலை உச்சிக்கு ஏறி, பதினொரு பவுணும் சரியாக வந்தது. கதவு முழுதாகத் திறந்தது. பாலேந்திரன் வாசற்படியில் ஒரு காலை வைத்து நின்றார்.

"வித்துப்போட்டு வாங்கோவன்" என்றாள் சிவகலா.

"ஏறேக்க ஆரும் விப்பினமோ? ரெண்டு நாள் பொறும்."

மறுவருடம் பிட்கொயின் ஏறத்தான் செய்தது. பவுண் அதைவிட வேகமாக ஏறித் தொலைத்தது. சுவிஸ் பிராங்குக் கணக்கில் பணக்காரரானவருக்குக் கதவு நாளுக்கு நாள் ஒடுங்கியது. பிறகு பிட்கொயின் விழ, இடைவெளி இன்னும் சிறுத்தது. சிவகலா காத்திருந்து களைத்துப்போனாள். முதியோர் இல்லத்துச் சமையலறை வேலை போதாதென்று விடியற்காலையில் அலுவலகங்களையும் துடைக்கத் தொடங்கியிருந்தவள், இந்த மாசி மாதம் பவுண் விற்ற கொள்ளை விலைக்குத் தன் உழைப்பில் பதினொரு பவுண் கொடி வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டு நேரே நிலவறைக்கு இறங்கினாள்.

சத்தியம் நிறைவேறிவிட்டது. கதவு சுவரில் முட்டும்வரை திறந்தது.

பாலேந்திரன் கொடியைப் பார்த்தார். "வடிவாயிருக்கு" என்றார். மெய்யாகவே சந்தோஷப்பட்டார்.

"இப்ப வாங்கோ."

அவர் போனைப் பார்த்தார். "இப்ப நல்லா விழுந்து கிடக்கு. இந்த நேரம் வெளிக்கிட்டால் இவ்வளவு நாள் இருந்தது வீணாப் போயிடும். கொஞ்சம் பொறும்."

சிவகலா அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, மத்தியான வேலைக்கு டிராம் பிடித்தாள்.

அதன்பின் கதவு ஒரு விரல்கூட அசையவில்லை. கட்டடத்துப் பிள்ளைகள் மழை நாட்களில் உள்ளே ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். பாலேந்திரன் சுவரோரம் காலை மடக்கி வழிவிடுகிறார். உடுப்புத் தோய்க்கும் அட்டவணையில் ஹவுஸ்வார்ட் அவருக்குச் செவ்வாய்க்கிழமையை ஒதுக்கி, பெயருக்கு நேரே 'நிலவறை, நிரந்தரம்' என்று எழுதியிருக்கிறார்.