என் கையெழுத்துப் போட்ட விதி

என் மனைவி மயங்கி விழுந்தது அது மூன்றாவது தடவை. அதற்கு முன்பே கண் சிவப்புக்குக் கண் டாக்டர் சொல்லி ஆறு மாதம் சொட்டு மருந்து விட்டாயிற்று. முழங்காலில் சிறு வயதில் விழுந்த தழும்பு திடீரென்று சிவந்து புடைத்ததற்கு தோல் டாக்டர் சொல்லி நாலு மாதம் களிம்பு தடவியாயிற்று. மயக்கத்துக்கு இதய டாக்டர், "வயசாச்சு, நாடி கொஞ்சம் மெதுவா ஓடுது" என்றார்.

"அவ என்ன பழைய கடிகாரமா, மெதுவா ஓடறதுக்கு?"

நான் போட்ட சத்தத்தில் ஏழு மாடி ஆஸ்பத்திரியும் எட்டு அங்குலம் பூமிக்குள் இறங்கியது. பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் டாக்டர் ஓடி வந்தார். என் மனைவியின் கண்ணையும் காலையும் பார்த்தார்.

"ஐயா, மூணு துறை கோப்பும் உடனே ஒரே மேசையில வேணும். நான் நினைக்கறது சரின்னா, அடுத்த மயக்கத்துல இதயமே நின்னுடலாம்."

பதிவறைக்குப் பாய்ந்தேன். முப்பத்தோரு வருடம் நான் ராஜ்யம் பண்ணிய அறை. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நெட்டை அசையவில்லை.

"ஒரு துறை கோப்பு இன்னொரு துறைக்குப் போகாது சார். விதி."

"எந்த மடையன்யா போட்டான் அந்த விதிய?"

நெட்டை சுவரைக் காட்டினான். சுற்றறிக்கையின் அடியில், மயில்போல வாலை விரித்துக்கொண்டு என் கையெழுத்து. கோப்புகள் தொலைகின்றன என்று நானே போட்டது. அதற்காக ஒரு பாராட்டு விழாகூட நடந்தது.

முக்காலியில் ஏறி அதைச் சுக்குநூறாகக் கிழித்தேன். "அந்த மடையனே சொல்றேன், எடுய்யா!"

பெண் டாக்டர் மூன்றையும் விரித்தார். "கண், தழும்பு, இதயம், எல்லாம் ஒரே வியாதியா இருக்கலாம். சார்காய்டோசிஸ், உடம்புக்குள்ள அங்கங்க சின்னச் சின்ன வீக்க முடிச்சு போடற வியாதி. பெரும்பாலும் நுரையீரல்லதான் தெரியும். அம்மாவுக்கு அங்க சுத்தம், அதான் யாருக்கும் தோணல."

அன்று மாலையே நாடியைத் தாங்க நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். தழும்பிலிருந்து கிள்ளிய சதையின் முடிவு ஆறாம் நாள் வந்தது. அதே மாதிரி முடிச்சு போடும் காசநோயின் கிருமி இல்லை. அவர் சொன்ன வியாதியேதான். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள்.

எனக்கு மட்டும் கொதிப்பு அடங்கவில்லை. மூன்று டாக்டர்களின் பெயரையும் போட்டு ஒரு முழம் நீளத்துக்குப் புகார் எழுதினேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, நாலாவதாக என் பெயரையும் சேர்த்தேன்.

"குடுங்க பார்க்கலாம்" என்று மனைவி படுத்தபடியே வாங்கிப் படித்தாள். பேனாவையும் கேட்டாள். கடைசியில் இருந்த என் பெயரை அடித்து, முதலில் எழுதினாள்.

"இப்ப போய்க் குடுத்துட்டு வாங்க."