நினைவு அட்டையில் ஒரு வரி

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைத்தேன். ஃப்ரிட்ஜில் என் மனைவி கிளாராவின் முகப்பூச்சு டப்பா அதே இடத்தில் இருந்தது. உள்ளே இரண்டு இன்சுலின் பேனாக்கள். அம்மாவுக்கு டீ கொடுத்தேன்.

ஆறே முக்காலுக்கு அச்சகத்திலிருந்து பொன்ராஜ் பேசினார்.

"தம்பி, நாளைக்கு வருசப் பூசை. இன்னும் ஓகே சொல்லலையே? அம்மா சொன்னபடி அடிச்சு அனுப்பிருக்கேன், பாருங்க."

வாட்ஸ்அப்பில் நினைவு அட்டை. கிளாராவின் படம். கீழே அவளுடைய கடைசி வார்த்தை: 'மாதாவே, என்னை ஏற்றுக்கொள்ளும்.'

அவள் அப்படிச் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை நோய். தெரிந்துதான் கட்டினேன். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியவன் நான்.

லூர்து யாத்திரை முடிந்து திரும்பிய விமானம். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து நாற்பது பேர். சாப்பாடு வருகிறது என்று கழிப்பறையில் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். விமானம் குலுங்கியது. சாப்பாட்டு வண்டியை உள்ளே இழுத்துவிட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. எழுந்து ஓடினாள். வண்டியைப் பிடித்து இழுத்தாள். தடுத்த பணிப்பெண்ணை அறைந்தாள். கெட்ட வார்த்தையில் கத்தினாள். சர்க்கரை இறங்கினால் இப்படி ஆகும். எனக்குத் தெரியும்.

"ஏப்பா, புருசன்காரன் பாத்துக்கிட்டு நிக்கிற? கையப் பிடி!" என்றார் யாத்திரைக்குத் தலைமை தாங்கிய சூசைராஜ்.

நான்கு பேர் இருக்கையில் அமுக்கினோம். யாத்திரைக்குக் கொடுத்த நீலத் துண்டுகளால் கட்டினார்கள்.

"சரக்கு ஓவர் போல," என்று பின்னால் ஒருவன் சிரித்தான்.

"பிசாசுய்யா. மாதா கோயில் வரைக்கும் கூடவே வந்திருக்கு பாரு," என்று அம்மா லூர்து தண்ணீரை அவள் முகத்தில் தெளித்தாள்.

குளுக்கோஸ் பாக்கெட் அம்மாவின் காலடியில் இருந்த பையில் இருந்தது. எடுத்தால் எதற்கென்று கேட்பாள். பெண்கள் ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிக்கும்வரை கிளாராவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முடிந்தபோது அடங்கிக் கிடந்தாள்.

"பாத்தியா, மாதா கேட்டுட்டா," என்றாள் அம்மா.

அப்புறம்தான் பணிப்பெண்ணிடம் சர்க்கரை நோய் என்று சொன்னேன். அதையும் காதில்தான் சொன்னேன். விமானம் இறங்குமுன் கிளாரா இறந்துவிட்டாள். மாரடைப்பு என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா டம்ளரோடு வந்தாள். "அட்டை நல்லா வந்திருக்காய்யா?"

"அந்த வரி தப்பும்மா."

"எதுய்யா தப்பு? நாங்க அம்புட்டுப் பேரும் கேட்டோமே?"

அன்று விமானத்தில் துண்டை இறுக்கும்போது ஒரு கணம் கிளாராவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. குனிந்தேன். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பிறகு பேசவில்லை.

பொன்ராஜுக்கு டைப் செய்தேன். அந்த வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

"அத்தைகிட்டச் சொல்லிருங்க. பரவால்ல."